புறப்படும் வழியும் நம் பொறுப்பும்

இரண்டு வாயில்களையுடைய வீட்டில், எவ்வாயில் வழியே வெளிச்செல்வது என்பதை வீட்டிலுள்ளோரே முடிவு செய்கின்றனர். எவ்வாயில் வழியே விருந்தினர் வருவர் என்பதையோ பெரும்பாலும் விருந்தினரே முடிவு செய்கின்றனர். இஃது எளிதிற் புலப்படும் உண்மை. எனினும், இண்டர்நெட் என்னும் உலகப் பெருவலையோடு இரண்டு இணைப்புகளைப் பெற்றிருக்கும் ஸ்தாபனங்கள் பல, தம் கையிலுள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாது வாளா இருந்துவிட்டு, தம் கையில் இல்லாத அதிகாரத்தின் பொருட்டு ஓயாது முயன்று இடர்ப்படுகின்றன. வெளிச்செல்லும் செய்திப் போக்கை ஆளுதல் நமக்குரிய உரிமை என்பதும், அவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தாமை ஒரு குறை என்பதும், அதனை வரம்பு கடந்து பயன்படுத்துதல் அக்குறையினும் பெருந்தீங்கு என்பதும் யாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்பும் அபிப்பிராயங்களாம்.

இண்டர்நெட் என்பது ஒரே வலையன்று. பல்லாயிரம் வலைகள் தம்முள் இணங்கி நிற்கும் ஒரு கூட்டு என்பதை மாணவ நண்பர்கள் அறிவர். ஒவ்வொரு வலையும் தன் எல்லைக்குள் தன்னாட்சி உடையது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இத்தன்னாட்சி வலையங்கள் ஒன்றோடொன்று வழிகளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் மொழியே பி.ஜி.பி. எனப்படுவது. 1989-ம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் உணவு வேளையில், ஸிஸ்கோ நிறுவனத்தைச் சார்ந்த கிர்க் லாஹீடும், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த யாக்கோவ் ரெக்டரும் கை துடைக்கும் தாள்களின்மேல் இதன் முதல் வடிவத்தை வரைந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அது முறைப்படி வெளியாயிற்று. இன்று வழங்கும் நான்காம் பதிப்பின் இலக்கணம் 2006-ம் ஆண்டில் திருத்தமுற எழுதப்பெற்றது. தாளில் தோன்றிய அச்சிறு ஏற்பாடே இன்று உலகின் வலைகளையெல்லாம் பிணைத்து நிற்கின்றது.

இம்மொழியில் அண்டை வலை நமக்குச் சொல்வது யாது? "இன்ன முகவரித் தொகுதியை என் வழியாக அடையலாம்" என்பதே. அவ்வறிவிப்போடு சில பண்புக்குறிகளும் சேர்ந்து வருகின்றன. இதுகாறும் எவ்வெவ் வலையங்களைக் கடந்து வந்தது என்னும் பாதை வரிசை ஒன்று. அவ்வழி எவ்வாறு தோன்றியது என்னும் குறிப்பு மற்றொன்று. தன்னிடம் வரும் பல வாயில்களுள் எதனைத் தான் விரும்புவது என அண்டை வலை தெரிவிக்கும் மெட் என்னும் எண் பிறிதொன்று. இவையன்றி, நாமே இடும் குறியொன்று உண்டு. லோக்கல் பிரிஃபரன்ஸ் என வழங்கும் அதனை 'உள்விருப்பு' எனத் தமிழிற் கூறலாம். அஃது ஓர் எண். ஸிஸ்கோ முதலிய யந்திரங்களில் யாதொன்றும் சொல்லாவிடின் அது 100 எனக் கொள்ளப்படும். எண் பெரிதாயின் விருப்பம் பெரிது என்பது விதி.

ஒரே தொகுதிக்கு இருவர் வழி கூறுவாராயின், எவ்வழியைக் கொள்வது? ரௌட்டர் என்னும் வழிகாட்டி யந்திரம் முதலில் உள்விருப்பை நோக்கும். அது சமமாயின் பாதை வரிசை குறுகியது எது என்று எண்ணும். அதுவும் சமமாயின் தோற்றக் குறிப்பையும், பின்னர் மெட் எண்ணையும் நோக்கும். அப்பாலும் வேறுபாடு காணாவிடின், தன் வீட்டிற்கு அண்மையிலுள்ள வாயிலைத் தேடும். இம்முறை வைப்பிலே ஒரு நீதி பொதிந்துள்ளது. அண்டை வீட்டார் தம் விருப்பத்தை மெட் எண்ணால் தெரிவிக்கலாம். அதனைக் கேட்பதும் கேளாமையும் நம் பாற்பட்டது. நம் உள்விருப்பு தலையில் நிற்க, அவர் வேண்டுகோள் கீழ்ப்படியில் நிற்கின்றது. மேலும் உள்விருப்பு என்னும் எண் நம் வலையத்தின் எல்லையைக் கடந்து அயலாரிடம் செல்வதில்லை. அது நம் வீட்டுப் பேச்சு. நம் வீட்டினுள்ளேயே நிற்பது.

ஈண்டு மாணவர் பலர் இடறி விழும் இடமொன்று உண்டு. வெளிச்செல்லும் போக்கை ஆளுவதற்கு வெளிச்செல்லும் அறிவிப்பிலன்றோ கை வைத்தல் வேண்டும் என அவர் கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. அறிவிப்பு எத்திசையில் வருகின்றதோ, சரக்கு அதற்கு எதிர்த்திசையிற் செல்கின்றது. வழி சொல்பவன் நம்மை நோக்கிப் பேசுகின்றான். அவன் சொல்லைக் கொண்டு நாம் அவனை நோக்கிச் சுமையை அனுப்புகின்றோம். ஆதலின், உள்ளே வரும் அறிவிப்பில் நாம் இடும் குறியே வெளியே செல்லும் சுமையை ஆளுகின்றது. வெளியே நாம் விடுக்கும் அறிவிப்பில் செய்யும் மாற்றமோ, உள்ளே வரும் சுமையைப் பற்றியது. அதுவும் ஆணையன்று, வேண்டுகோளே. நம் எண்ணைப் பாதை வரிசையில் மும்முறை நான்முறை அடுக்கி வழியை நீண்டதுபோலக் காட்டினும், அனுப்புவோன் தன் உள்விருப்பால் அவ்வழியையே கொள்வானாயின், நம் அடுக்கு வீணே. இருமருங்கிலும் அனுப்புவோன் கையிலேயே அதிகாரம் நிற்கின்றது. இவ்வொரு கருத்தைத் தெளிவாகப் பற்றிக்கொண்டவர்க்கு இத்துறையின் பாதி விளங்கிவிட்டதென்றே கூறலாம்.

நிற்க. "கல்லூரி போன்ற ஸ்தாபனம் பெறுவது மிகுதி, அனுப்புவது சிறிது. அங்ஙனமிருக்க, புறப்படும் வழியைப் பற்றி இத்துணைக் கவலை ஏன்?" என வினவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. நாம் வாசிக்கும் நூலும், காணும் காட்சியும் வெளியிலிருந்தே வருகின்றன என்பது மெய். ஆயினும், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வேண்டுகோள் முன் செல்லுதல் வேண்டும். பெற்றுக்கொண்டோம் என்னும் ஒப்புகையும் இடைவிடாது செல்லுதல் வேண்டும். போகும் வழி நெரிசலுற்றால் வரும் வழியும் தளர்ந்துவிடும். அன்றியும், கல்லூரி என்றும் பெறுவோராகவே இருந்துவிடுவதில்லை.

இதற்கு எம் அனுபவத்திலிருந்தே ஒன்று கூறுவோம். 2020-ம் ஆண்டில், கொள்ளைநோயின் காரணமாக வகுப்புகள் மூடப்பெற்றிருந்த காலத்தில், ஆசிரியர் சிலர் கல்லூரி அறையிலிருந்தே காணொளி வாயிலாகப் பாடஞ் சொல்லி வந்தனர். மாணவரோ தத்தம் ஊர்களில், பலர் ஒரு கைப்பேசியை உடன்பிறந்தாரோடு பங்கிட்டுக்கொண்டு, செவிசாய்த்திருந்தனர். அக்காலத்துக் கல்லூரி அனுப்புவோனாயிற்று. ஆசிரியர் குரல் இடையிடையே அறுந்தது. கரும்பலகையில் எழுதியது கலங்கிய நீரிற் கண்ட நிழல்போல் தோன்றிற்று. குற்றம் மாணவரின் கிராமத்து இணைப்பில் உள்ளது என்று யாம் அனைவரும் ஒருமனதாக முடிவு கட்டினோம். நாட்கள் சில கழிந்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. எம்மிடம் அகன்ற இணைப்பொன்றும் குறுகிய இணைப்பொன்றும் இருந்தன. உள்விருப்பு இரண்டிற்கும் 100 ஆகவே கிடந்தது. ஆதலின் யந்திரம் பாதை வரிசையை எண்ணிற்று. காணொளிச் சேவைக்குக் குறுகிய இணைப்பின் வழியே ஒரு வலையம் குறைவாக இருந்தது. எனவே, எம் ஆசிரியரின் குரலெல்லாம் அச்சந்தினுள் நெருங்கித் திணற, அகன்ற பெருவீதி ஆளற்றுக் கிடந்தது. சில வரிகள் எழுதி, அகன்ற இணைப்பின் வழியே வரும் அறிவிப்புகளுக்கு உள்விருப்பை 200 ஆக உயர்த்தினோம். அன்று மாலையே குரல் தெளிந்தது.

இதில் எவரும் தவறாக முடிவு செய்யவில்லை. எவருமே முடிவு செய்யவில்லை என்பதே தவறு. பாதை வரிசையில் வலையங்களின் எண்ணிக்கை உண்டேயன்றி, அவற்றின் அகலமோ, தூரமோ, நெரிசலோ, விலையோ இல்லை. ஒரு கண்டம் முழுவதும் பரந்த வலையும் ஒன்று என்றே எண்ணப்படும். ஒரு தெருவிலடங்கும் வலையும் ஒன்று என்றே எண்ணப்படும். அத்தகைய எண்ணிக்கையிடம் நம் மாணவரின் கல்வியை ஒப்படைத்துவிட்டு, கிராமத்தைக் குறை கூறிய எம் அறியாமையை இன்றும் நாணத்தோடே நினைக்கின்றோம்.

மிகப் பெரிய நிறுவனங்களும் இவ்விடத்தே இடர்ப்பட்டே கற்றன என்பது சிறிது ஆறுதல் தருகின்றது. உலகிற்குக் காட்சிகளை அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட ஃபேஸ்புக் நிறுவனம் 2017-ம் ஆண்டில் 'எட்ஜ் ஃபேப்ரிக்' என்னும் தன் ஏற்பாட்டை வெளியிட்டு விளக்கிற்று. பி.ஜி.பி.யின் வழக்கமான தெரிவு இணைப்பின் கொள்ளளவை அறியாது. ஆதலின் ஓரிணைப்பு நிரம்பி வழியும் தறுவாயில், சில தொகுதிகளுக்கு உயர்ந்த உள்விருப்புடன் மாற்று வழியைப் புகுத்தி, சுமையை வேறு வாயிலுக்குத் திருப்புவதே அதன் செயல். கூகிள் நிறுவனமும் அதே ஆண்டில் 'எஸ்பிரெஸ்ஸோ' என்னும் தன் ஏற்பாட்டை விளக்கி எழுதிற்று. கருவி பெரிதாயினும் கருத்து ஒன்றே: வழி நம் கையில் உள்ளது, அதனை அளந்தறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இனி, அளவு கடத்தலால் வரும் தீங்கை நோக்குவோம். மேற்கூறிய பண்புக்குறிகள் யாவும் ஒரே தொகுதிக்குரிய இரு வழிகளை ஒப்பிடுங்கால் மட்டுமே பயன்படும். ஒரு தொகுதியின் சிறு கூற்றுக்கெனத் தனி அறிவிப்பு வருமாயின், ஒப்பீடே இல்லை. சிறு கூறே வெல்லும். ஊரின் பெயரைவிடத் தெருவின் பெயர் துல்லியமானது என்று தபாற்காரர் கொள்வதுபோல. இவ்விதியால் விளையக்கூடிய கேட்டை 2008-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் நாள் உலகம் கண்டது. தன் நாட்டில் யூடியூபைத் தடுக்கக் கருதிய பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 1,024 முகவரிகள் கொண்ட தொகுதியினுள் 256 முகவரிகளுக்கு மட்டும் ஒரு வழியை உண்டாக்கிற்று. வீட்டினுள் நிற்கவேண்டிய அவ்வழி வெளியே கசிந்தது; மேல்நிலை வலை அதனைச் சோதியாது ஏற்று உலகிற்குப் பரப்பிற்று. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பாகங்களில் யூடியூபிற்குச் சென்றோர் வழிதவறி நின்றனர்.

அது தடுப்பின் பொருட்டு நிகழ்ந்தது. வெளிச்செல்லும் போக்கைச் செம்மைப்படுத்தும் பொருட்டே விளைந்த கேடும் ஒன்று உண்டு. 2019-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள், அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில், ஓர் இணைப்பு நிறுவனம் தன் புறப்பாட்டுச் சுமையைப் பங்கிடுவதற்கு ஒரு தானியங்கு கருவியைப் பயன்படுத்தி வந்தது. அக்கருவி உள்விருப்பால் மட்டும் திருப்தியுறாது, பிறர்க்குரிய தொகுதிகளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் ஒவ்வொரு வாயிலுக்கு அனுப்புமாறு பொய்வழிகளைப் படைத்தது. அவ்வழிகள் அதன் வாடிக்கையாளரான ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் வலையிற் புகுந்து, அங்கிருந்து வெரைஸன் என்னும் பெருவலைக்கு ஏறின. வெரைஸன் தடையின்றி ஏற்றுப் பரப்பிற்று. பிளந்த பாதிகள் உண்மையான முழுத் தொகுதிகளை வென்றன. உலகச் சுமையின் ஒரு பகுதி அச்சிறு தொழிற்சாலையின் வாயிலில் வந்து மோதிற்று. கிளௌட்ஃப்ளேர் நிறுவனம் மட்டும் உச்ச வேளையில் தன் உலகப் போக்கில் ஏறத்தாழ 15 சதவீதத்தை இழந்தது. வீட்டுச் சௌகரியத்திற்காகச் சொன்ன பொய், வீதியிற் சென்று ஊரைக் கெடுத்த கதை இது.

ஈண்டு வேறுபாடு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். உள்விருப்பு வீட்டு எல்லையைக் கடவாத குறி. ஆதலின் அதில் தவறிழைப்பின் பெரும்பாலும் நாமே துன்புறுவோம். பிளந்த தொகுதியோ கடக்கக்கூடிய அறிவிப்பு. அதில் தவறிழைப்பின் பிறர் துன்புறுவர். ஒரே பயனைத் தரும் இருவழிகளுள், கேடு நேரின் நம்மோடு நிற்பதையே தேர்தல் அறமுடைமையாம். பிளவு இன்றியமையாததாயின், 1996-ம் ஆண்டிலேயே வகுக்கப்பெற்ற 'நோ எக்ஸ்போர்ட்' என்னும் 'வெளிவிடற்க' குறியையேனும் அதன்மேல் இடுதல் வேண்டும். எல்லையில் சல்லடையும் வைத்தல் வேண்டும். கொள்கை எதுவும் எழுதாத எல்லையில் அறிவிப்பு எதனையும் ஏற்கவும் விடுக்கவும் வேண்டா என்னும் விதி 2017-ம் ஆண்டிலும், அண்டை வலைகள் தம் உறவை வெளிப்படக் கூறிக் கசிவைத் தடுக்கும் விதி 2022-ம் ஆண்டிலும் ஏற்பட்டன. ஏட்டிலுள்ள இவ்விதிகளை யந்திரத்தில் எழுதுவோர் வேண்டும்.

உள்விருப்பும் முற்றும் தீங்கற்றதன்று என்பதைக் கிரிஃபின், வில்ஃபாங் என்னும் அறிஞர் இருவர் 1999-ம் ஆண்டில் நிறுவினர். ஓரிடத்தை அடைய விரும்பும் மூன்று வலைகள் உள எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் தனக்கு நேர்வழி இருந்தும், தன் வலப்பக்கத்து அண்டையின் நேர்வழியையே பெரிதும் விரும்புகின்றது எனவும் கொள்வோம். முதலாவது நேரே சென்றால் மூன்றாவது அதன் வழியைப் பற்றும். மூன்றாவது தன் நேர்வழியை விட்டதால் இரண்டாவது தானே நேரே செல்லும். அது கண்டு முதலாவது இரண்டாவதைப் பற்றும். உடனே மூன்றாவது ஏமாந்து தன் நேர்வழிக்கு மீளும். இவ்வாறு மூவரும் ஒருவர் பின் ஒருவராய் மாறி மாறி, என்றும் ஓய்வு காணார். ஒவ்வொருவர் விருப்பமும் தனித்து நோக்கின் குற்றமற்றதே. மூன்றும் சேர்ந்தவிடத்து அமைதியில்லை. பின்னர், 2001-ம் ஆண்டில், லிக்ஸின் காவ், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட் என்னும் பெண்மணியர் இருவர் இதற்கு ஒரு பரிகாரம் காட்டினர். நமக்குப் பொருள் தரும் வாடிக்கையாளர் வழியை முதலிலும், ஒத்த நிலையிலுள்ள அண்டையார் வழியை அதன் பின்னும், நாம் பொருள் கொடுத்துப் பெறும் வழியை இறுதியிலும் விரும்பி, ஒருவரிடம் பெற்றதை யாருக்கு மீண்டும் சொல்லலாம் என்பதிலும் அதற்கேற்ற வரம்பைப் பேணுவாராயின், மேற்பார்வையாளர் எவருமின்றியே வலை முழுதும் அமைதி பெறும் என்பது அவர் கண்ட முடிபு. தன்னலமே பொதுநலத்தோடு இயைந்து நிற்கும் அருமையான இடங்களுள் இஃது ஒன்று.

இவற்றையெல்லாம் கருதி, இரு இணைப்புகள் பெற்ற கல்விக் கழகங்களுக்கு யாம் பரிந்துரைப்பன சிலவே. முதலாவது, சொந்த வலைய எண்ணும் முகவரித் தொகுதியும் பெற்ற பின்னரே இவ்வுரிமை முழுமையாக நமக்கு உண்டு என்பதை நிர்வாகத்தார் அறிதல் வேண்டும். இந்தியாவில் ஐரின் என்னும் பதிவகம் இவற்றை வழங்குகின்றது. பிறர் கொடுத்த முகவரியைத் தாங்கி வேறொருவர் வாயிலாற் புறப்படும் செய்தியை, அயல்முகவரி என்று அவர் தடுத்துவிடுதல் இயல்பும் முறையுமாம். இரண்டாவது, உள்விருப்பு எண்களை இயல்பாகவே கிடக்க விடாது, எவ்விடத்திற்கு எவ்வழி, ஏன் என்பதை அளந்து முடிவு செய்து, அக்காரணத்தை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். காரணம் எழுதப்பெறாத எண், எழுதினவர் வேலையை விட்டுச் சென்ற மறுநாளே புதிராகிவிடும். மூன்றாவது, மலிவான வழியே நல்வழி என்று கணக்கர் கூறினும், அவ்வழியிற் செல்லும் குரல் மாணவர் செவிக்கு எட்டுகின்றதா என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நான்காவது, போன வழியே திரும்பி வரும் என எதிர்பாராது, வரும் வழி வேறாயினும் காவல் யந்திரங்கள் இடர் செய்யாவண்ணம் அமைத்தல் வேண்டும். ஐந்தாவது, ஓரிணைப்பு அறுந்தால் மற்றது தாங்குமா என்பதைப் பரீட்சை நாளுக்கு முன்னரே வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்துணைக் கவலையும் தானியங்கு கருவியிடம் விட்டுவிடலாகாதோ எனின், விடலாம், வரம்பிட்டு விடலாம். கருவி அளக்கட்டும், உள்விருப்பை ஏற்றி இறக்கட்டும். ஆனால் இல்லாத வழியை உண்டென்று சொல்லும் உரிமையை எக்கருவிக்கும் கொடுத்தல் ஆகாது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை பெருவலைகளின் வாயில்களிற் காவலராக அமர்வீர்கள். பழைய மாணவர் சிலர் இப்போதே அமர்ந்திருக்கின்றனர். நீங்கள் இடும் ஓர் எண்ணால் எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு பிள்ளை ஆசிரியர் குரலைத் தெளிவாகக் கேட்கும். நீங்கள் கவனியாது விடும் ஓர் எண்ணால் அக்குரல் அறுந்துபோகும். எவர் கெடுத்தார் என்பதை அப்பிள்ளை அறியாது. தன் கைப்பேசியையும் தன் ஊரையுமே நொந்துகொள்ளும். அறியாதார் தம்மையே நொந்துகொள்ளும் இடங்களில்தான், அறிந்தார் பொறுப்பு மிகுதியாகின்றது. நம் வாயிலை நாம் அறிந்து திறப்போமாக. திறக்குங்கால் அயலார் வாயிலை அடைக்காதிருப்போமாக.